சீட்டில் முதலில் அடிபடுவது பயறு

மாதம் பிறந்து நாலாம் நாள். அண்ணாச்சி கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்தவர், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா. பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளில் மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் படித்து விலை போட்டுக் கூட்டிச் சொன்னதும், அக்கா கைப்பையைத் திறந்து பார்த்து மூடினார். “கொண்டக்கடலைய எடுத்துடுங்கண்ணாச்சி. பச்சப்பயறும் இந்த மாசம் வேணாம்.” அப்போதும் கூட்டுத்தொகை கைப்பணத்துக்குள் அடங்கவில்லை. துவரம்பருப்பு ஒரு கிலோ அரைக் கிலோ ஆனது.

எண்ணெய் குறையவில்லை. சர்க்கரையும் டீத்தூளும் குறையவில்லை. பாலில் கலக்கும் சத்துப் பவுடர் டப்பாவும் சீட்டில் எழுதியபடியே பைக்குள் போனது. கையைக் கடிக்கும் மாதத்தில் முதலில் அடிபடுவது பயறுதான். என் அம்மாவின் பழைய சீட்டுகளிலும் அப்படித்தான் இருந்தது.

திரும்பி நடக்கும்போது அக்காவே பேச்சை எடுத்தார். “தம்பி, நீ பத்திரிகையில எழுதறவன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். பையன் ஜிம்முக்குப் போறான். புரோட்டீன் பவுடர் வேணுமாம். ஒரு டப்பா மூவாயிரம் சொல்றான். வாங்கித்தான் ஆகணுமா?”

பையனுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறான். தங்கை எட்டாம் வகுப்பு. அப்பா பெயிண்டர், மழை வந்தால் வேலை இல்லை. இந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? மூவாயிரம் ரூபாய் டப்பா வேண்டாம் என்று சொல்வது சுலபம். பையனின் பசி உண்மை, அவனுடைய தேவையும் உண்மை. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்று சொன்னால்தானே அது பதில்? அன்றிரவு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். பதினாறிலிருந்து பதினெட்டு வயதுப் பையனுக்கு 55, பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயதுப் பெண்ணுக்கு 43. அக்கா வீட்டுக்குக் கூட்டினால் ஏறக்குறைய 200 கிராம்.

பாதிப்பேர் இந்த எண்ணைப் பார்த்ததுமே கலங்கிப்போய் டப்பாவைத் தேடுகிறார்கள். ஆனால் சோற்றிலும் புரதம் உண்டு என்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. நூறு கிராம் அரிசியில் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. நாலு பேரும் சோறாகவும் இட்லியாகவும் ஒரு நாளில் ஒன்றேகால் கிலோ அரிசி சாப்பிடுகிற வீட்டில் அதிலேயே நூறு கிராம் வந்துவிடுகிறது. ரேஷன் அரிசி தமிழ்நாட்டில் 2011-லிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. ஆக, பாதித் தேவை அதிகச் செலவில்லாமல் தட்டில் விழுந்துவிடுகிறது.

சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது. நாலு பேர் வீட்டில் சாம்பாருக்கு நூறு கிராம் பருப்பு போடுகிறோம் என்று வையுங்கள். அதில் இருக்கும் புரதம் 22 கிராம், தலைக்கு ஐந்தரை. அதே சாம்பாரில் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி ராத்திரிக்கும் வைத்துக்கொண்டால் வேளைக்கு மூன்று கிராம்கூட இல்லை. தட்டு நிறையச் சோறு, மேலே மஞ்சள் நிறத்தில் குழம்பு. வயிறு நிறைந்துவிடுவதால் குறை தெரிவதில்லை. நாலு மணிக்கே மறுபடி பசிக்கிறது, கை வடைக்கும் பிஸ்கட்டுக்கும் போகிறது. அந்த டீக்கடைச் செலவை யாரும் மளிகைக் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம்?

கடையில் நாம் கிலோ விலையைத்தான் பார்க்கிறோம். கொண்டைக்கடலை கிலோ நூற்றுச் சொச்சம் என்றதும் “அடேயப்பா” என்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு ரூபாய் கொடுத்தால் எத்தனை கிராம் புரதம் கைக்கு வருகிறது? கணக்கு எளிது. ஒரு கிலோவில் எவ்வளவு புரதம் என்பதை ஒரு கிலோ விலையால் வகுத்தால் போதும். கீழே இருப்பவை எங்கள் தெருக் கடையில் நான் கேட்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எண் கொஞ்சம் மாறும், வரிசை அவ்வளவாக மாறாது.

முதலிடம் ரேஷன் துவரம்பருப்புக்கு. கிலோவில் 217 கிராம் புரதம், விலை 30 ரூபாய். ரூபாய்க்கு ஏழு கிராம். இந்தக் கணக்கில் அதன் பக்கத்தில்கூட வேறொன்று நெருங்க முடியாது. 2007-லிருந்து அட்டைக்கு ஒரு கிலோ என்று கிடைத்துவரும் இந்தப் பருப்பைத்தான் “கொஞ்சம் பொடியா இருக்கு” என்று சில வீடுகள் வாங்காமல் விடுகின்றன, அல்லது வாங்கி வேறு யாருக்கோ தள்ளிவிடுகின்றன. அதே துவரையை வெளியே 150 ரூபாய்க்கு வாங்கினால் ரூபாய்க்கு ஒன்றரை கிராம்கூட முழுசாக இல்லை. வெளியே வாங்கும்போது துவரையைவிட மலிவான பயறுகள் இருப்பது இந்தக் கணக்கில்தான் தெரியவந்தது.

அடுத்தது சோயா உருண்டை. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்வது என்பதால் நூறு கிராமில் ஐம்பது கிராமுக்கு மேல் புரதம். மூட்டையிலிருந்து சில்லறையாக அள்ளிக் கொடுக்கும் சரக்கு கிலோ 150 என்றால் ரூபாய்க்கு மூன்றரை கிராம். அப்புறம் கொள்ளு, கிலோ 90 என்றால் இரண்டரைக்குப் பக்கம். தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு எல்லாம் இரண்டை ஒட்டி. வேர்க்கடலை ஒன்றேமுக்காலை ஒட்டி. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து மல்லாட்டைதான் அது. கல்யாண வீட்டுச் சட்னியோடு நாம் மறந்துவிடுகிற பொட்டுக்கடலையும் கிட்டத்தட்ட அதே அளவு.

முட்டை ஒன்று ஆறரை ரூபாய், உள்ளே ஆறரை கிராம், ரூபாய்க்கு ஒன்று. பால் 0.8. எலும்போடு வெட்டித் தரும் கோழிக்கறி அரை கிராமைச் சற்றே தாண்டும். பனீர் அரையைத் தொடாது. பாதாம் கால் கிராமுக்கும் கீழே. அக்கா பையன் கேட்கும் மூவாயிரம் ரூபாய் டப்பா? கிலோவுக்கு 750 கிராம் புரதம் என்றே வைத்துக்கொண்டாலும் ரூபாய்க்கு கால் கிராம். ரேஷன் பருப்பின் இருபத்தெட்டில் ஒரு பங்கு.

அந்த மாதம் சீட்டில் அடிபடாமல் தப்பிய சத்துப் பவுடரையும் எடுத்துப் பார்த்தேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். இந்த வகைப் பவுடர்கள் பெரும்பாலானவற்றில் நூறு கிராமுக்குப் பத்தை ஒட்டித்தான் புரதம் இருக்கும், சர்க்கரை அதைவிட அதிகம். பால் கலந்து குடித்தால் வரும் சத்தில் பெரும்பங்கு பாலுடையது. ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சுட்டிக்காட்டி, அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாமென 2024-ல் மத்திய அரசு இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. அதே ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், உடலைத் தேற்றப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. பயறு விற்கிறவருக்கு விளம்பரம் கொடுக்கக் காசில்லை. நம் பிள்ளைகள் காதில் டப்பாவின் பெயர் மட்டுமே விழுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கிராம் மட்டும் போதாது

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். எல்லாப் புரதமும் ஒன்றல்ல. உடம்புக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அரிசியில் அவற்றில் லைசின் குறைவு. பயறில் லைசின் தாராளம். அதில் குறைவது மெத்தியோனின், அது அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. பொங்கல், அடை, இட்லி, பருப்புச் சாதம், கம்பங்கூழோடு மொச்சைக் குழம்பு என்று நம் பாட்டிகள் சேர்த்து வைத்ததெல்லாம் இந்த இணைப்புதான். ஆகவே பயறை மட்டும் குவித்துவைத்துத் தின்னத் தேவையில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பயறைக் கூட்டினால் போதும். அரிசியில் ஒரு வேளையைக் கம்புக்கு மாற்றினால் இன்னும் நல்லது; கம்பில் நூறு கிராமுக்குப் பதினொரு கிராம்.

இதனால்தான் முட்டையை ரூபாய் கணக்கை மட்டும் வைத்து ஒதுக்க மாட்டேன். ஒன்பதும் சரியான அளவில், எளிதில் செரிக்கும்படி அதில் இருக்கின்றன. பயறில் அறவே இல்லாத பி12 வைட்டமினும் இருக்கிறது. நாமக்கல் நம் மாநிலத்தில் இருப்பதால் முட்டை நமக்குத் தொலைதூரச் சரக்கில்லை. அங்கே அறிவிக்கும் கொள்முதல் விலை செய்தித்தாளில் வருகிறது. தெருக் கடை விலை அதற்கு மேல் எவ்வளவு என்று பார்த்துப் பேரம் பேசலாம். புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சியை நிறுத்தும்போது விலை இறங்கும். சைவ வீட்டில் பி12-க்குப் பாலும் மோரும்தான் வழி. பால் பாக்கெட்டில் நிறம் மாறினால் மாறுவது கொழுப்பு. நீல உறைப் பாலிலும் ஆரஞ்சு உறைப் பாலிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றே. கொழுப்புக்காகத்தான் கூடுதல் காசு. புரதத்துக்காக வாங்குபவர் மலிவான உறையை எடுக்கலாம்.

மீன் கடற்கரை ஊர்களுக்கு வரம். மத்தி, சாளை என்கிற அந்தச் சின்ன மீன் பெரிய மீன்களுக்குப் புரதத்தில் சளைத்ததல்ல. நல்ல கொழுப்பு அதில்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் விலை ஏறும், அப்போது கருவாடு கைகொடுக்கும். உப்பு ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது என்பதால் நன்றாக ஊறவைத்து அலசுவது முக்கியம். கறிக்கடையில் கோழி ஈரல் கறியைவிட மலிவு, இரும்புச்சத்து கூடுதல். மாட்டுக்கறி ஆட்டுக்கறியைவிட நல்ல மலிவில் கிடைக்கிறது. அதைச் சமைக்கிற வீடுகள் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. உழைக்கிற உடம்புக்கு எட்டும் விலையில் இருக்கும் நல்ல உணவு அது.

கொள்ளும் ஒரு பழமொழியும்

கணக்கை எழுதிக்கொண்டு போய் அக்காவிடம் காட்டியபோது பையனும் இருந்தான். கொள்ளு என்றதும் சிரித்தான். “அண்ணா, அது ஒடம்பு இளைக்கிறதுக்கு. நான் ஏத்தணும்.” ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிற பழமொழி, ஜிம்மில் சேர்ந்த பையன் காதுவரை வந்திருக்கிறது. கொள்ளில் கொழுப்பு நூறு கிராமுக்கு ஒரு கிராம்கூட இல்லை. சோற்றுக்குப் பதிலாக அதைத் தின்றால் வயிறு சீக்கிரம் நிறையும், எடை குறையலாம். சோற்றோடு சேர்த்துத் தின்று உடம்பையும் உழைக்க வைத்தால் அது தசைக்குத்தான் போகும். கொள்ளு குதிரைத் தீனி என்று கேலி பேசுகிறோம். குதிரை இளைத்தா கிடக்கிறது? கொங்கு வீடுகளில் கொள்ளைக் கடைந்து சோற்றில் பிசைந்து, வேகவைத்த தண்ணீரை ரசம் வைத்து, மிஞ்சியதைத் துவையலாக அரைத்து ஒரு பிடியையும் வீணாக்காமல் சாப்பிடுகிறார்கள். சென்னையில் அது நாட்டு மருந்துக்கடைச் சரக்காகிவிட்டது.

பயறை நாம் சுண்டலுக்குள் அடைத்துவிட்டோம் என்று தோன்றுகிறது. நவராத்திரி ஒன்பது நாளும் ஒன்பது வகை. கொலு இறங்கியதும் அதுவும் பரணேறிவிடுகிறது. மறுபடி மெரினாவில் காகிதப் பொட்டலத்தில்தான் பார்க்கிறோம்.

வாங்குவதிலும் பக்குவம் இருக்கிறது. தைப் பொங்கலை ஒட்டிப் புதுத் துவரையும் மொச்சையும் வரும்போது இரண்டு மூன்று மாதத்துக்கு எடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம். பளபளப்பான அரைக் கிலோ பாக்கெட்டைவிட மூட்டைச் சரக்கு மலிவு. உடைந்தது, பொடியானது என்று அண்ணாச்சி தனியே வைத்திருப்பது அதைவிட மலிவு. வேகவைத்தபின் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அமுதம், காமதேனு போன்ற அரசு, கூட்டுறவு அங்காடிகளின் விலையையும் ஒருமுறை பார்த்து வரலாம். வேர்க்கடலையில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது. சுருங்கியது, கசப்பது, பூஞ்சை பிடித்தது எதுவானாலும் தூக்கிப் போட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

“பயறு வாங்கினா கேஸ் யார் குடுப்பா?” என்று அக்கா கேட்டதும் நியாயமான கேள்விதான். ராத்திரி ஊறவைத்தால் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் வாயுத்தொல்லையும் குறையும்; இஞ்சியோ பெருங்காயமோ சேர்த்தால் இன்னும் அடங்கும். இரண்டு நாளைக்குச் சேர்த்து ஒரே குக்கரில் வைத்துவிடலாம். முளைகட்டினால் புரதம் பெருகிவிடும் என்பது சரியல்ல. செரிமானம் எளிதாகும், வைட்டமின் சி கூடும், அவ்வளவுதான். பச்சைப்பயறுக்கு ஊறவும் வேண்டாம், பத்து நிமிடக் குக்கர் போதும்.

மூன்றாவது முட்டை

கடைசியில் நான் போட்ட சீட்டு இது. ஒரு நாளைக்குத் துவரம்பருப்பு நூறு கிராம். மாதம் மூன்று கிலோவில் ஒன்று ரேஷனில், இரண்டு வெளியில். இட்லிக்கு உளுந்து நூறு. பயறு, கடலை, கொள்ளு மாற்றி மாற்றி நூற்றைம்பது. முட்டை மூன்று. எல்லாம் சேர்ந்து 97 கிராம் புரதம், செலவு அறுபது ரூபாய்ச் சொச்சம். சோற்றில் வரும் நூறோடு வீட்டுத் தேவை ஏறக்குறைய நிறைகிறது. கை இறுகும் வாரத்தில் முட்டையை நிறுத்திவிட்டு ஐம்பது கிராம் சோயா உருண்டை போட்டால் எட்டு ரூபாய்க்குள் முடியும்.

நாலு பேருக்கு மூன்று முட்டை ஏன் என்று அக்கா கேட்டார். பெண்ணுக்குப் பள்ளியில் கிடைக்கிறதே! 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. இன்று பள்ளி நடக்கும் ஐந்து நாளும் உண்டு, வாரம் ஒரு நாள் பயறோ கொண்டைக்கடலையோ உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. வாழ்நாளிலேயே அதிகமாகப் பசிக்கும் வயதில், பிளஸ் ஒன்னில் காலெடுத்து வைத்த அன்று பையனின் தட்டிலிருந்து முட்டை போய்விட்டது. அவன் டப்பா கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த முட்டை நீள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

“அப்ப மூணு யாருக்கு?” அக்கா விரல் விட்டு எண்ணினார். “அவருக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு...”

“உங்களுக்கு ஒண்ணுக்கா.”

“எனக்கு எதுக்கு தம்பி?”

நாலு கிலோ எடையுள்ள பெட்டியைக் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றபடி தேய்க்கிற கை அது. அவருக்கு வேண்டியது 46 கிராம், கணவருக்கு 54. வித்தியாசம் எட்டு கிராம்தான். ஆனால் சட்டியின் அடியில் பருப்பு தங்கியிருக்கும் முதல் கரண்டிகள் யார் தட்டுக்குப் போகின்றன, வழித்து ஊற்றிய தெளிவு யாருக்கு மிஞ்சுகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கடைசி மூன்று மாதங்களில் கூடுதலாக 22 கிராம் வேண்டும் என்கிறது அதே பரிந்துரை. நூறு கிராம் பருப்பு அவள் ஒருத்திக்கு மட்டும் கூடுதலாகப் போட்டால்தான் அது நிறையும். எத்தனை வீட்டில் போடுகிறார்கள்? சீட்டை எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும், பரிமாறும்போது அது மாறிவிடுகிறது.

அடுத்த மாதம் அக்காவை மறுபடி அண்ணாச்சி கடையில் பார்த்தேன். சீட்டில் சத்துப் பவுடர் இல்லை. கொள்ளு ஒரு கிலோ, தட்டைப்பயறு ஒரு கிலோ, சோயா அரை. கூட்டுத்தொகை போன மாதத்தைவிட நாற்பது ரூபாய்தான் கூடுதல். சோயா ரப்பர் மாதிரி இருக்கிறதென்று பையன் குறைபட்டானாம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கி முட்டைப் பொரியல் மாதிரி செய்து கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டான். பவுடர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். “வேலைக்குப் போயி நீயே வாங்கிக்கடான்னுட்டேன்” என்றார்.

முட்டை?

“மூணுதான் வாங்கறேன் தம்பி. நீ சொன்ன மாதிரிதான்.” கொஞ்சம் தள்ளி நின்றிருந்த மகள் குறுக்கே வந்தாள். “பொய்ண்ணா. ராத்திரி எனக்குத்தான் குடுக்கறாங்க. நான்தான் ஸ்கூல்லயே சாப்டுட்டேன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க.”

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு, வண்டியில் கரி கனிந்திருக்கும் என்று சொல்லி வேகமாக நடந்துவிட்டார்.